அடைமொழி போதாது: மாம்புரிக் கரையோரத்துப் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

மாம்புரி, நுரைச்சோலை, ஆலங்குடா, தலவில, கற்பிட்டி என்று இலங்கையின் புத்தளம் மாவட்டத்தில் கடலுக்கும் களப்புக்கும் நடுவே நீண்டு கிடக்கும் மணல் நிலத்தில் வாழ்கின்ற, அல்லது அங்கிருந்து கொழும்புக்கும் வளைகுடாவுக்கும் இத்தாலிக்கும் போய்விட்ட குடும்பங்களின் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் இந்த மடலை எழுதுகிறேன்.

உங்கள் வீடுகளின் மூத்த தலைமுறை ஒவ்வொருவராக விடைபெறும் காலம் இது. 1930களின் முற்பகுதியில் பிறந்தவர்கள் தொண்ணூறைத் தொட்டுவிட்டார்கள். சிலர் தாண்டியும் விட்டார்கள். ஒரு பெரியவர் கண்மூடினால் பிள்ளைகள் கடமையில் குறை வைப்பதில்லை. மரண அறிவித்தல் போகிறது, சந்தியில் பதாகை ஏறுகிறது, அவரவர் சமயப்படி முப்பதாம் நாள் திருப்பலியோ முப்பத்தோராம் நாள் கிரியையோ நாற்பதாம் நாள் கத்தமோ நடக்கிறது. வசதியும் வழக்கமும் உள்ளவர்கள் நினைவு மலர் அச்சிடுகிறார்கள். அதில் அவர் பாசமிகு தந்தை, பண்பின் சிகரம், குடும்பத்தின் குலவிளக்கு, பிள்ளைகளுக்காகவே வாழ்ந்த தெய்வம். இந்த மலர்களில் நாலைந்தை எடுத்து, படத்தையும் பெயரையும் மறைத்துவிட்டு வாசியுங்கள். எது யாருடையது என்று பெற்ற பிள்ளைகளாலேயே பிரித்துச் சொல்ல முடியாது. அன்பில் குறையில்லை, ஆனால் அந்த மனிதர் அதற்குள் இல்லை.

நான் உங்களிடம் சொல்ல வந்தது ஒன்றுதான். ஒரு குடும்பப் பெரியவரின் அர்ப்பணிப்பு அவரைப் பற்றி நாம் சூட்டும் அடைமொழிகளில் இல்லை. அவர் எடுத்த முடிவுகளில் இருக்கிறது. எந்த ஆண்டில் எந்த நெருக்கடி வந்தது, என்னென்ன வழிகள் அவர் முன் இருந்தன, எதைத் தெரிந்தெடுத்தார், அதனால் யார் நன்மை அடைந்தார்கள், யார் விலை கொடுத்தார்கள் என்பதை எழுதினால்தான் அவர் நினைவுகூரப்படுகிறார். அப்படி எழுதும்போது இன்னொன்றும் நடக்கிறது. இந்தக் கரையின் கடந்த தொண்ணூறு ஆண்டு வரலாற்றின் பெரும் பகுதி இந்த முடிவுகளால் ஆனது. வேறெங்கும் அது எழுதப்படவில்லை. ஆகவே நினைவு மலரை எப்படி எழுதுகிறோம் என்பது ஒரு வீட்டின் உள்விவகாரம் மட்டுமல்ல. இதை ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்பதற்குச் சான்றுகளை முன்வைக்கிறேன். நீங்கள் எழுப்பக்கூடிய மறுப்புகளுக்கும் பதில் சொல்ல முயல்கிறேன்.

நீண்ட ஆயுள் என்பதிலிருந்தே தொடங்குவோம். 1946இல் இலங்கையில் பிறந்த ஒரு குழந்தையின் ஆயுள் எதிர்பார்ப்பு ஏறத்தாழ 43 ஆண்டுதான். அதற்கும் முன்னர் 1934–35இல் பரவிய மலேரியா எண்பதாயிரம் அளவிலான உயிர்களைக் கொண்டுபோனது. அந்தக் காலத்தில் பிறந்து தொண்ணூறு கண்டவர் தன் தலைமுறையில் பெரும்பாலானவர்கள் தாண்டாத தூரத்தைத் தாண்டியவர். நினைவு மலரில் “எண்மரில் மூத்தவர்” என்று ஒரு வரி இருக்கும். அந்த எண்மரில் எத்தனை பேர் வளர்ந்து ஆளானார்கள் என்பது இராது. மறுபுறம், 2012 குடிசன மதிப்பீட்டிலேயே நாட்டு மக்களில் 12 வீதத்துக்கு மேற்பட்டோர் அறுபது வயதைக் கடந்தவர்கள். இதன் பொருள் என்ன? கடலை நம்பியும் தோட்டத்தை நம்பியும் வாழ்ந்த ஒரு சாதாரணக் குடும்பத்துக்கு, தொண்ணூறாண்டைக் கண்ணால் கண்ட சாட்சி தன் வீட்டுத் திண்ணையிலேயே கிடைப்பது இதற்கு முந்திய தலைமுறைகளில் மிக அரிது. நமக்கு முன்னிருந்தவர்களுக்கு வாய்க்காத ஒன்று நமக்கு வாய்த்திருக்கிறது. அதை “நிறைவாழ்வு வாழ்ந்தார்” என்ற இரண்டு சொல்லில் முடித்துவிடுவது நியாயமா என்று யோசியுங்கள்.

பாட்டனைப் பற்றிய விவரம் வீட்டுக்குள் பேசும் கதைதானே என்று நினைப்பவர்கள் தங்கள் பிறப்புச் சான்றிதழை ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டும். நெடுங்காலமாக வழங்கப்பட்டுவரும் அந்தப் படிவத்தில், பாட்டனார் இலங்கையில் பிறந்தவரானால் அவருடைய பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம் என்று ஒரு கூடு இருக்கிறது. அது மரியாதைக்காக வைத்த கூடு அல்ல. 1948 நவம்பர் 15இல் நடைமுறைக்கு வந்த இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டம், அதற்கு முன் இந்த மண்ணில் பிறந்தவர்களிடம் தகப்பன் இங்கே பிறந்ததைக் காட்டு, இல்லாவிட்டால் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததைக் காட்டு என்று கேட்டது. ஒழுங்கான பிறப்புப் பதிவே 1860களில்தான் தொடங்கிய நாட்டில் அது எளிதில் காட்டக்கூடிய சான்று அல்ல. மலையகத் தமிழரில் ஏழு லட்சம் அளவிலானோர் அந்தக் கேள்விக்கு அரசு ஏற்கும் பதிலைத் தர முடியாமல் நாடற்றவர்களானார்கள். இந்தியக் கரையோடு தோணிப் போக்குவரத்தும் உறவும் கொண்டிருந்த புத்தளம், மன்னார்க் கரைகளிலும் பாட்டன் எங்கே பிறந்தார் என்பது சும்மா கேட்கும் கேள்வியாக இருந்திருக்க முடியாது. ஒரு மனிதனின் வாக்குரிமையும் காணியுரிமையும் அவன் பாட்டனைப் பற்றிய நினைவில் தொங்கிக்கொண்டிருந்த நாடு இது. அரசு தன் தேவைக்காக அந்த விவரத்தைக் குறித்து வைத்தது. நம் தேவைக்காக நாம் குறிக்காதிருப்பது வியப்புக்குரியது.

அடுத்து மொழி. நீர்கொழும்பிலிருந்து சிலாபம் வழியாக வடக்கே வரும் இந்தக் கரை நெடுகத் தமிழ் பேசிய குடும்பங்கள் இரண்டு மூன்று தலைமுறைக்குள் சிங்களம் பேசும் குடும்பங்களாகின. எட்மண்ட் பீரிஸ் சிலாபத்தின் ஆயராக இருந்த 1940 முதல் 1972 வரையான காலத்தில் கத்தோலிக்கப் பாடசாலைகள் பல சிங்கள மொழிமூலத்துக்கு மாறியதை ஆய்வாளர்கள் இதற்கு முக்கிய காரணமாகக் காட்டுகிறார்கள். 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. 1960–61இல் உதவிபெறும் பாடசாலைகள் அரசின் கைக்குப் போயின. இவை மேலே நடந்தவை. கீழே, ஒவ்வொரு வீட்டிலும், பிள்ளையை எந்த வகுப்பில் சேர்ப்பது என்று ஒரு தகப்பனும் தாயும் ஓர் இரவில் பேசித் தீர்மானித்தார்கள். சிலர் வேலைவாய்ப்பை நினைத்துச் சிங்களத்தைத் தெரிந்தார்கள். சிலர் உடப்பு என்ற ஊரைப் போலத் தமிழை விடாமல் பிடித்திருந்தார்கள். சிலர் ஒரு பிள்ளையை இதிலும் மற்றப் பிள்ளையை அதிலும் சேர்த்தார்கள். எந்த முடிவும் எளிதாக எடுத்ததல்ல. எதையும் இன்றைக்கு இருந்துகொண்டு பழிக்கவும் தேவையில்லை. ஆனால் இன்று தன் பாட்டியோடு பேச மொழி போதாமல் நிற்கும் ஒரு பேரன், அது ஏன் அப்படி ஆனது என்று தெரிந்துகொள்ளும் உரிமை உடையவன். அந்தக் காரணம் எந்தச் சட்டப் புத்தகத்திலும் இராது. அந்த முடிவை எடுத்தவரிடம்தான் இருக்கும், அவர் இருக்கும் வரை.

கடலுக்கு வருவோம். 1950களின் பிற்பகுதியில் தொடங்கிப் படகுக்கு இயந்திரமும் நைலோன் வலையும் அரசின் கடன் உதவியோடு பரவத் தொடங்கின. பாயும் துடுப்பும் பருத்தி வலையுமாக இருந்தவர்கள், கடன்பட்டு இயந்திரம் வாங்குவதா, கரைவலையோடு நிற்பதா, கடலை விட்டுத் தோட்டத்துக்குத் திரும்புவதா என்று ஒரு பத்தாண்டுக்குள் தீர்மானிக்க வேண்டியிருந்தது. சோளகக் காற்று கிளம்பினால் மேற்குக் கடல் கொந்தளிக்கும். அந்த மாதங்களில் வடகிழக்குக் கரைக்குப் போய் வாடி என்ற தற்காலிகக் குடில் அடித்துத் தொழில் செய்தவர்கள் இந்த மேற்குக் கரை நெடுக இருந்தார்கள். குடும்பத்தையும் கூட்டிப் போவதா, பிள்ளைகளின் படிப்புக்காக விட்டுப் போவதா என்பதும் ஒரு முடிவுதான். குடும்பத்துக்காக உழைத்தார் என்று நாம் எழுதும் ஒற்றை வரிக்குள் இவ்வளவும் கிடக்கிறது. இந்த விவரங்கள் உணர்வுக்கு மட்டும் தீனியல்ல, அறிவியலுக்கும் வேண்டியவை. 1995இல் டேனியல் போலி என்ற மீன்வள அறிஞர் ஒன்றைச் சுட்டிக்காட்டினார்: ஒவ்வொரு தலைமுறை ஆய்வாளரும் தாங்கள் வேலை தொடங்கிய நாளில் கண்ட மீன்வளத்தையே இயல்பான அளவாகக் கொள்கிறார்கள்; அதனால் நீண்டகால இழப்பு யார் கண்ணுக்கும் படாமல் போகிறது. பத்தாண்டு கழித்து மெக்சிக்கோவின் கலிபோர்னியா வளைகுடாவில் மூன்று தலைமுறை மீனவர்கள் 108 பேரிடம் விசாரித்தபோது, முதியவர்கள் அருகிப்போன இனங்கள் என்று பெயர் சொன்னவை இளையவர்கள் சொன்னதைப் போல் ஐந்து மடங்கு; வளம் குன்றிய மீன்பிடித் தளங்கள் நான்கு மடங்கு. இளையவர்கள் பொய் சொல்லவில்லை. இருந்தது என்றே தெரியாத ஒன்று போய்விட்டதென்று அவர்கள் எப்படிச் சொல்வார்கள்? புத்தளக் களப்பிலும் அதற்கப்பாலுள்ள கடலிலும் ஆவுளியா என்ற கடற்பசு எங்கே மேய்ந்தது, எந்தக் காற்றுக்கு எந்த மீன் எந்த இடத்தில் பட்டது, களப்பில் இறால் எப்போது குறையத் தொடங்கியது என்பதற்கெல்லாம் நம்மிடம் நீண்டகாலப் பதிவேடுகள் இல்லை. தொண்ணூறு வயதுக்காரரின் ஞாபகம் இருக்கிறது.

நிலத்திலும் இதுவேதான். கற்பிட்டிக் குடாநாட்டின் மணலுக்கடியில் மெல்லிய நன்னீர்ப் படலம் ஒன்று இருக்கிறது. ஆழமில்லாத கிணறு தோண்டி, அந்த நீரை இறைத்து வெங்காயமும் மிளகாயும் மரக்கறியும் செய்தார்கள், செய்கிறார்கள். இடைவிடாத பயிர்ச் செய்கையாலும் உரத்தாலும் அந்த நீரில் நைத்திரேற்று ஏறியிருப்பதை ஆய்வுகள் பல காட்டிவிட்டன. எந்தக் கிணறு எப்போது குடிக்கக் கூடாததாயிற்று, இயந்திர இறைப்பு எப்போது வந்தது, உரம் எப்போது கூடியது என்ற கால வரிசையைச் சொல்லக்கூடியவர்கள் அந்தத் தோட்டங்களைச் செய்தவர்கள்தாம். அதே கிணறுகள் 1990 ஒக்டோபருக்குப் பிறகு வேறொரு பாரத்தையும் தாங்கின. விடுதலைப் புலிகள் வடமாகாணத்திலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, ஏறத்தாழ 75,000 பேர் இடம்பெயர்ந்தார்கள். மன்னாரிலிருந்து படகேறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கியவர்களும் அவர்களில் உண்டு. பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்தில் தங்கினார்கள். வந்தவர்களுக்குத் தென்னந்தோட்டத்தைத் திறந்துவிட்டது யார், கிணற்றைப் பகிர்ந்தது யார், பிறகு காணிக்கும் தொழிலுக்கும் போட்டி வந்தபோது சச்சரவு எப்படித் தீர்ந்தது, எங்கே தீரவில்லை என்பதெல்லாம் அன்றைய குடும்பப் பெரியவர்கள் எடுத்த முடிவுகள். வந்திறங்கிய குடும்பங்களின் பெரியவர்களும் அப்படியே: திரும்பிப் போவதா, இங்கேயே காணி வாங்குவதா, வாக்காளர் பதிவை எந்த ஊரில் வைத்திருப்பது என்று அவர்கள் முப்பதாண்டாகத் தீர்மானித்துக்கொண்டிருந்தார்கள். இரு பக்கத்துப் பெரியவர்களின் நினைவும் பக்கத்துப் பக்கத்தில் எழுதப்பட்டால்தான் 1990க்குப் பிந்திய புத்தளத்தின் வரலாறு முழுமையாகும்.

கடைசிச் சான்று உங்கள் கண்ணெதிரே நிற்பது. நுரைச்சோலை அனல் மின்நிலையத்தின் கட்டுமானம் 2006இல் தொடங்கியது. முதல் 300 மெகாவாற் 2011இல் ஓடத் தொடங்கி, 2014இல் மொத்தம் 900 மெகாவாற் ஆனது. மாம்புரியின் கடலோரத்தில் காற்றாலைகள் எழுந்தன. தலவில புனித அன்னாள் ஆலயச் சூழலை முன்னிறுத்திக் கத்தோலிக்கத் திருச்சபை அனல் மின் திட்டத்தை நெடுங்காலம் எதிர்த்தது பதிவில் இருக்கிறது. திட்டத்தின் கொள்ளளவு, செலவு, கடன் எல்லாம் கோப்புகளில் இருக்கின்றன. காணியைக் கொடுத்தவர் ஏன் கொடுத்தார், கொடுக்க மறுத்தவர் என்ன நினைத்தார், கரைவலை இழுத்த இடம் மாறியபோது ஒரு குடும்பம் எப்படிச் சமாளித்தது, கரித்தூசி பற்றிய முதல் முறைப்பாடு எந்த வீட்டில் பேசப்பட்டது என்பது கோப்பில் இல்லை. நாட்டின் மின்சாரத்தில் பெரும் பங்கு உற்பத்தியாகும் இடத்தில், அதற்காக இடம்விட்ட மனிதர்களின் தரப்பு எழுத்தில் இல்லாமல் போகக் கூடாது.

இனி மறுப்புகள். முதலாவது: எங்கள் அப்பப்பாவோ மூத்தாப்பாவோ சாதாரண மனிதர்; அவரைப் பற்றி வரலாறு எழுத என்ன இருக்கிறது? இந்தக் கேள்விக்குப் பதில் கற்பிட்டியிலேயே இருக்கிறது. இந்தக் கரையைப் பற்றி எழுதி வைத்தவர்கள் பெரும்பாலும் வந்து போனவர்கள். 1344இல் புத்தளத்தில் இறங்கிய இபுன் பதூதா எழுதினார். 1667இல் கற்பிட்டியில் கோட்டை கட்டத் தொடங்கிய ஒல்லாந்தர், தாங்கள் ஆண்ட கரையோரங்களில் வரிக்காகவும் ஊழியத்துக்காகவும் காணியையும் ஆளையும் தோம்பு என்ற பதிவேட்டில் ஏற்றினார்கள். இந்த வரிசையில் மாறி நிற்பவர் 1807இல் கற்பிட்டியில் பிறந்த சைமன் காசிச்செட்டி. 1834இல் அவர் வெளியிட்ட சிலோன் கசற்றியர் இலங்கையின் ஊர்களை அகரவரிசையில் விவரித்தது. 1859இல் வெளிவந்த தமிழ் புளூட்டாக் தமிழ்ப் புலவர்கள் ஏறத்தாழ இருநூறு பேரின் வாழ்க்கைக் குறிப்பைத் திரட்டியது. இரண்டும் ஆங்கிலத்தில். பின்னர் 1886இல் ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை பாவலர் சரித்திர தீபகத்தைத் தமிழிலேயே எழுதினார். அவர்கள் புலவர்களைத் தெரிந்தெடுத்தார்கள், அது அந்தக் காலத்து அளவுகோல். ஆனால் யார் வாழ்வு எழுதத் தக்கது என்ற அளவுகோல் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டுப் புதுச்சேரியில் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை கப்பல் வரவையும் வியாபாரத்தையும் வீட்டு நிகழ்ச்சிகளையும் நாட்குறிப்பில் எழுதிவந்தார். இன்று அது இல்லாமல் அந்தக் காலத்துத் தென்னிந்தியாவைப் பற்றிப் பேச முடியாது. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் ஈழத்துத் தமிழரின் நினைவு மலர்களைத் தேடிச் சேர்த்து இணையத்தில் வைத்திருக்கிறது. ஒரு குடும்பம் தன் துக்கத்தில் அச்சிட்டதை ஆவணம் என்று ஏற்று அலமாரி ஒதுக்கியாயிற்று. அந்த அலமாரியில் வைப்பதற்கு அடைமொழிகளைத்தான் அனுப்பப் போகிறோமா?

இரண்டாவது மறுப்பு வலுவானது. குடும்பத் தலைவன் என்று ஆணை முன்னிறுத்தி எழுதுவதே பழுது. வீட்டைத் தாங்கியவள் பெண். அவளை மறைக்கும் மரபைத்தானே நீங்களும் வளர்க்கிறீர்கள் என்று ஒருவர் கேட்கலாம். கேட்க வேண்டும். நான் மேலே சொன்ன பிரசாவுரிமைச் சட்டமே தந்தைவழியை மட்டும் பார்த்தது. தாய்வழியாகவும் பிள்ளைக்குக் குடியுரிமை போகலாம் என்ற திருத்தம் வர 2003 வரை பொறுக்க வேண்டியிருந்தது. மட்டக்களப்பில் தாய்வழிச் சொத்துரிமையைப் பேணிய முக்குவர் வழமை இருந்த நாட்டில், தந்தைவழிதான் இயற்கை என்று சொல்லவும் வழியில்லை. 1946இல் இலங்கைப் பெண்ணின் ஆயுள் எதிர்பார்ப்பு ஆணினுடையதைவிடக் குறைவு. பிள்ளைப்பேற்றில் இறந்தவர்கள் அவ்வளவு பேர். ஆகவே நீண்ட காலம் வாழ்ந்த ஆணின் நினைவு மலரில் “காலஞ்சென்ற” என்று ஒரே சொல்லில் கடந்துபோகும் பெயர் பலவேளை ஒரு பெரிய இழப்பின் பெயர். ஆனால் இந்த மறுப்பு என் வாதத்தை உடைக்கவில்லை, பலப்படுத்துகிறது. அடைமொழிதான் பெண்ணை மறைக்க வல்லது. “தனியாளாக நின்று ஒன்பது பிள்ளைகளை ஆளாக்கினார்” என்று எழுதிவிட்டால் கேள்வி முடிந்துவிடும். இயந்திரத்துக்குக் கடன்பட்ட ஆண்டில் அடகுபோன நகை யாருடையது, அவர் வடகிழக்கில் வாடியில் இருந்த மாதங்களில் வீட்டில் அடுப்பெரிந்தது யாருடைய கருவாட்டு வியாபாரத்தால் அல்லது தோட்ட வேலையால் என்று முடிவுகளின் கணக்கை எழுதத் தொடங்கினால், மனைவியும் அக்காவும் மூத்த மகளும் தாமாகவே பக்கத்துக்குள் வந்துவிடுவார்கள். அவர்களை விட்டுவிட்டு அந்தக் கணக்கை முடிக்க முடியாது.

மூன்றாவது மறுப்பு: இறந்தவரைப் பற்றி நல்லதைத்தான் பேச வேண்டும், முடிவுகளை எழுதப் போனால் தவறிய முடிவுகளும் வருமே. வரும். ஆனால் தவறை எழுதுவதும் இழிவுபடுத்துவதும் ஒன்றல்ல. ஒரு தகப்பன் மகளின் படிப்பைப் பத்தாம் வகுப்போடு நிறுத்தி, அவளுடைய தம்பியின் படிப்புக்குப் பணத்தை மாற்றினார் என்றால், அது அந்தக் காலத்தின் நெருக்கடியையும் அந்தக் காலத்தின் அநீதியையும் ஒருசேரச் சொல்லும் செய்தி. அதை எழுதும்போது அந்த மகள் வாழ்ந்ததும் எழுத்தில் வருகிறது. குறையே இல்லாத தெய்வமாக ஒருவரை ஆக்கிவிட்டால், அவர் குறைகளோடு போராடிச் செய்த நன்மையின் எடையும் குறைந்துபோகும். குறையற்றவருக்குத் தியாகம் எளிது. பயமும் கோபமும் கடனும் உள்ள மனிதர் குடும்பத்துக்காகத் தன் விருப்பத்தை விட்டுக்கொடுத்தால்தான் அதற்கு அர்ப்பணிப்பு என்று பெயர். புகழ்ந்தே தீர வேண்டும் என்று விரும்புகிறவர்களுக்கும் இதைவிட நேர்மையான வழி இல்லை.

நான்காவது: முதியவரின் ஞாபகத்தை எப்படி நம்புவது? ஆண்டுகளைக் குழப்புவார், கேட்டதைக் கண்டதாகச் சொல்வார். உண்மை, இளையவர்களும் அதைத்தான் செய்கிறோம். அதனால்தான் சாட்சியத்தைச் சோதிக்கும் வழிகள் இருக்கின்றன. ஆண்டைக் கேட்காமல், தெரிந்த நிகழ்ச்சியோடு சேர்த்துக் கேளுங்கள்: தனுஷ்கோடியை அழித்த 1964 டிசம்பர்ப் புயலுக்கு முன்னா பின்னா, பாடசாலை அரசுக்குப் போன பிறகா, வடக்கிலிருந்து சனம் வந்த காலத்திலா? ஒரே செய்தியை இரண்டு பேரிடம் தனித்தனியே கேளுங்கள். தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவு, பள்ளிவாசல் பதிவு, பாடசாலைச் சேர்வு இடாப்பு, காணி உறுதி, வங்கிப் புத்தகம் ஆகியவற்றோடு ஒப்பிடுங்கள். பொருந்தாதவற்றைத் திருத்தி மழுப்பாமல், இன்னார் இப்படிச் சொன்னார், பதிவில் இப்படி இருக்கிறது என்று இரண்டையும் எழுதுங்கள். யார் சொன்னது, எப்போது சொன்னது, யார் கேட்டு எழுதியது என்ற மூன்றையும் குறித்துவிட்டால் பிழையுள்ள ஞாபகமும் பயனுள்ள சான்றாகும். சிகரம், விளக்கு என்ற புகழுரையைச் சோதிக்க மட்டும் எந்த வழியும் இல்லை.

ஐந்தாவது மறுப்பைச் சொல்லத் தயங்குவீர்கள், நானே சொல்கிறேன். எழுதி வைத்தால் ஆபத்து. காணிப் பங்கு வழக்கில் எதிராளி அதைக் காட்டலாம். இனப் பதற்றம் வரும் நாளில் யார் யாரை ஆதரித்தார் என்பது பகையாகலாம். இந்த நாட்டில் இதை மிகையான அச்சம் என்று தள்ள முடியாது. 2020இல் கொவிட்டால் இறந்த முஸ்லிம்களின் சடலங்களை உறவினரின் நம்பிக்கைக்கு மாறாக எரித்த அரசு, 2021 மார்ச்சில்தான் ஓட்டமாவடியில் அடக்கத்துக்கு இடமளித்தது. ஒரு பெரியவரை எப்படி வழியனுப்புவது என்பதே அரசியலாகும் மண் இது. ஆயினும் அச்சத்துக்கு மருந்து எழுதாமை அல்ல, எழுதியதைக் கவனமாகக் கையாள்வது. வடக்கு முஸ்லிம்களின் வெளியேற்றம் பற்றிக் குடிமக்கள் ஆணைக்குழு ஒன்று சாட்சியங்களைக் கேட்டு 2011இல் அறிக்கை வெளியிட்டது. மக்கள் வாய்திறந்து சொன்னதால்தான் அந்த அநீதிக்கு இன்று எழுத்துச் சான்று இருக்கிறது. சொல்லாதிருந்தால் மறுப்பவர்களின் கூற்றே நிலைத்திருக்கும். வெளியிடும் மலரில் பிறர் பெயரைத் தவிர்க்கலாம். முழு வடிவத்தை வீட்டில் வைத்து, இத்தனை ஆண்டு கழித்தே திறக்க வேண்டும் என்று எழுதி ஒட்டலாம். எதை வெளியில் விடுவது என்பதைக் குடும்பம் தீர்மானிக்கட்டும். ஆனால் எழுதாததை யாரும் பின்னர் தீர்மானிக்க முடியாது.

இவ்வளவையும் கேட்டபின் “இதற்கெல்லாம் நேரம் ஏது” என்று ஒரு களைப்பு வரும். இறப்பு வீட்டில் இருக்கிறவர்களிடம் ஆய்வு செய் என்று சொல்வது கொடுமை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதனாலேயே இந்த மடலை இன்று, பெரியவர்கள் உயிரோடிருக்கும் வீடுகளுக்கு எழுதுகிறேன். கைத்தொலைபேசியின் ஒலிப்பதிவை இயக்கிவிட்டு, பதினைந்து நிமிடம் ஒரே ஒரு முடிவைப் பற்றிக் கேளுங்கள். வாழ்க்கை முழுவதையும் ஒரே மூச்சில் கேட்டால் அவருக்கும் சொல்ல வராது, உங்களுக்கும் எழுத வராது. “அந்தப் பள்ளிக்கூடத்தில் ஏன் சேர்த்தீர்கள்?” “அந்தக் காணியை ஏன் விற்றீர்கள்?” “கடலை விட்டது எதனால்?” என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். பாட்டியிடம் அதே கேள்வியைத் தனியாகக் கேளுங்கள். விடை வேறாக இருந்தால் அதையும் எழுதுங்கள். மலர் அச்சாகும்போது ஒரு பிரதியை ஊர்ப் பாடசாலை நூலகத்துக்கும் ஒன்றைப் பிரதேச நூலகத்துக்கும் கொடுங்கள். மின்வடிவத்தை நூலகம் எண்ணிம நூலகத்துக்கு அனுப்புங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் அச்சுச் செலவை ஏற்பதோடு நிற்காமல், தொலைபேசியில் கேட்கும் பொறுப்பை ஏற்கலாம். ஊரில் இருப்பவர் கேட்கக் கூச்சப்படும் கேள்வியைத் தூரத்தில் இருப்பவரால் சில வேளை எளிதாகக் கேட்க முடியும்.

நீங்கள் அடுத்து அச்சிடும் மலரில் பாசமிகு தந்தை என்ற சொல் இருக்கட்டும். அதை எடுக்கச் சொல்ல நான் யார்? அதற்குக் கீழே, அவர் எடுத்த ஒரு முடிவையாவது ஆண்டோடும் காரணத்தோடும், அதற்கு விலை கொடுத்தவரின் பெயரோடும் எழுதுங்கள். அப்படி ஒன்றைக்கூட உங்களால் எழுத முடியவில்லையென்றால், தொண்ணூறு ஆண்டு உங்களுக்காக வாழ்ந்தவரை நீங்கள் இன்னும் கேட்டறியவில்லை என்பதுதான் அதன் பொருள். அவர் இருக்கும்போதே அந்தக் குறையைத் தீர்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடனும் மதிப்புடனும்,
கரையோர வரலாற்றில் அக்கறை கொண்ட ஒருவர்